மச்சான் முறையில் வந்த முடி

ரொறன்ரோவில் நாம் கூடிப் பேசும் இடங்களில் கண்டியின் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 'கடைசித் தமிழ் அரசன்' ஆகிவிடுகிறான். அவன் குடும்பம் தெலுங்கு பேசிய நாயக்கர் குடும்பம் என்று யாராவது சொன்னால் எமக்கு முகம் சுருங்குகிறது. இனத்தைக் கேட்கிறோமே தவிர, அந்தக் குடும்பம் பெண்வழியாக அரியணைக்கு வந்ததை நாம் பேசுவதில்லை.

கண்டி அரசர்கள் பட்டத்து ராணியைச் சூரிய வம்சத்தில் தேடினார்கள். உள்ளூர்ப் பிரபுவின் வீட்டில் பெண்ணெடுத்தால் அந்த வீடு தம்மை மிஞ்சிவிடும் என்ற பயமும் இருந்திருக்கும். பெண் மதுரையிலிருந்து வந்தாள். அவளோடு உறவினரும் வந்து குடியேறினர். 1739இல் நரேந்திரசிங்கன் இறந்தபோது அவனுக்கு உனம்புவே பண்டார என்றொரு மகன் இருந்தான். ஆனால் தாய் ராஜவம்சத்தவள் அல்லள். மகன் ஒதுக்கப்பட்டான், ராணியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். அவனுக்கும் வாரிசில்லை. 1747இல் அவனுடைய ராணியின் சகோதரன் கீர்த்தி ஸ்ரீ அரசனானான். கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் குடும்ப வகுப்பில் மனைவியின் சகோதரனுக்குச் சாதாரணமாக இடமில்லை. கண்டியில் அவனுக்குச் சிங்காசனமே கிடைத்தது.

ஆங்கிலோ-சாக்சன் இங்கிலாந்திலும் இதையொத்த கதையுண்டு. 1002இல் ஈதல்ரெட் மன்னனுக்கு வாழ்க்கைப்பட்டு நோர்மண்டியிலிருந்து வந்தவள் எம்மா. 1066இல் படையோடு வந்த வில்லியம் அவளுடைய சகோதரனின் பேரன். முடியுரிமை கோர அந்தக் கலியாணமும் அவனுக்கு ஒரு சாட்டு.

கீர்த்தி ஸ்ரீ 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதாவை மீட்டவன். ஆயினும் 1760இல் அவனைக் கொல்ல நடந்த சதியில் பிக்குகளும் இருந்தனர்.

1815 மார்ச் 2ஆம் திகதிய கண்டி ஒப்பந்தத்தின் மூன்றாம் ஷரத்தை நாம் ஆறுதலாக வாசிக்க வேண்டும். அரசனின் ஆண் உறவினர் அனைவரும், இரத்த உறவோ கலியாண உறவோ, மேல்வழியோ கீழ்வழியோ பக்கவழியோ, ஆட்சியின் எதிரிகள். எழுத்துமூல அனுமதியின்றி வந்தால் இராணுவச் சட்டம். உறவினன் என்று சொல்லிக்கொள்பவனுக்கும் அதே கதி. வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்கள் எவரும் திரும்பவும் கூடாது. ஒரு குடும்பத்தின் மேலிருந்த தடை அதே ஷரத்துக்குள் ஒரு சனத்தின் மேல் விழுந்துவிட்டது. 76 ஆண்டுகளுக்கு முன் முடியைக் கொடுத்த கலியாண உறவு இப்போது குற்றம்.

1816இல் அரசனும் ராணிமாரும் கப்பலேற்றப்பட்டனர். வேலூர்க் கோட்டையில் 16 ஆண்டுகள் இருந்து, 1832 ஜனவரி 30ஆம் திகதி அவன் இறந்தான். மகனொருவன் வேலூரில் பிறந்தான். கண்டியைக் கண்ணால் காணாத அந்தப் பிள்ளையும் ஷரத்தின்படி கீழ்வழி.