அயர்லாந்தின் காலியான கன்னியர் மடங்கள்

அயர்லாந்தில் இப்போது பாதிரியாராகவோ கன்னியராகவோ சேர ஆளே இல்லை, காரணம் அந்தப் பாலியல் குற்றங்கள்தான் என்று போன வாரம் வகுப்பில் ஒரு நண்பன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

ஆயர் ஏமன் கேசிக்கு ஒரு மகன் உண்டு என்று நாடு அறிந்தது 1992-ல். துறவற சபைகளின் விடுதிகளில் குழந்தைகள் பட்ட கொடுமையைச் சொன்ன ரயன் அறிக்கை வந்தது 2009-ல். இறையழைத்தல் சரியத் தொடங்கியதோ 1960களின் பிற்பகுதியிலேயே!

சரி, அதற்கு முன் ஏன் அத்தனை பேர் சேர்ந்தார்கள்? பெரிய விவசாயக் குடும்பம், நிலமோ ஒரு மகனுக்குத்தான். மற்றவர்களுக்குக் கப்பல், இல்லையென்றால் குருமடம். பெண்களின் நிலை இன்னும் மோசம். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். இந்த விதி 1973 வரை இருந்தது. கன்னியராகச் சேர்ந்தவரோ தலைமையாசிரியை ஆகலாம், ஒரு ஆஸ்பத்திரியையே நிர்வகிக்கலாம்.

அங்கேயும் வரதட்சணை உண்டு என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. பணம் கொண்டுவந்த பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினார்கள். கொண்டுவர முடியாத ஏழைப் பெண்கள் 'லே சிஸ்டர்' என்ற பெயரில் சமையலும் சலவையும் செய்தார்கள். மடத் தலைவியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஓட்டுகூடக் கிடையாது. (நம்ம ஊர் கதை மாதிரி இல்லை?) எல்லாரையும் ஒரே வகைச் சகோதரிகளாக்கச் சொன்னது, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம்.

இல்லறமும் புனிதத்துக்கான வழிதான் என்று அதே சங்கம் சொன்னதால் துறவறத்தின் மவுசு குறைந்தது என்பவர்கள் உண்டு. இருக்கலாம். என்னைக் கேட்டால் 1967-ல் வந்த இலவச உயர்நிலைக் கல்விதான் பெரிய திருப்பம். படிக்கவும் வேலைக்குப் போகவும் வேறு கதவு திறந்துவிட்டது. அதற்காக முன்பு போனவர்களின் பக்தி பொய் என்று சொல்லமாட்டேன். பக்தியும் பிழைப்பும் ஒரே வாசல் வழியாகப் போயின, அவ்வளவுதான். ஊழல்கள் பிறகு வந்து மிச்சத்தையும் கெடுத்தன.

டப்ளினின் கிளான்லிஃப் குருமடம் 2000-ல் மூடப்பட்டது. 1795-ல் தொடங்கிய மேனூத் குருமடத்தில் 2017-ல் புதிதாகச் சேர்ந்தவர்கள் 6 பேர்.

1842-ல் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் கன்னியர்கள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார்கள். நமக்குத் தெரிந்த சர்ச் பார்க் பள்ளி அவர்கள் 1909-ல் தொடங்கியது. இன்று அயர்லாந்துப் பங்குகள் சிலவற்றில் பூசை வைப்பவர் இந்தியாவிலிருந்து போன பாதிரியார்.