மௌஸ் (வரைகதை)

மௌஸ் என்பது அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த வரைகதை நூல் ஆகும். செருமன் மொழியில் மௌஸ் என்றால் எலி என்று பொருள். இது 1980 ஆம் ஆண்டு முதல் ரா என்னும் இதழில் தொடராக வெளிவந்தது. நூலின் முதல் தொகுதி 1986 இலும் இரண்டாம் தொகுதி 1991 இலும் வெளியிடப்பட்டன.

கதை

போலந்து யூதரான விளாடெக் அவுசுவிட்சு வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய வரலாற்றை, அவர் மகனான நூலாசிரியர் கேட்டுப் பதிவு செய்வதே கதையாகும். யூதர்கள் எலிகளாகவும் செருமானியர்கள் பூனைகளாகவும் போலந்தியர்கள் பன்றிகளாகவும் வரையப்பட்டுள்ளனர்.

கதை சொல்லும் முறை

போர்க்கால நிகழ்வுகளும் நியூயார்க்கில் தந்தையும் மகனும் உரையாடும் காட்சிகளும் மாறி மாறி வருகின்றன. தந்தையின் கஞ்சத்தனமும் மகனுடனான பிணக்கும் மறைக்கப்படவில்லை. தாய் அஞ்சாவும் முகாமிலிருந்து தப்பியவரே. அவர் 1968 இல் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நாட்குறிப்புகளை விளாடெக் எரித்துவிட்டதால், அவர் கண்ட வரலாறு அவர் சொற்களில் நூலில் இடம்பெறவில்லை. இந்த இழப்பும் கதையின் ஒரு பகுதியாகவே சொல்லப்படுகிறது.

வரவேற்பும் எதிர்ப்பும்

1991 இல் நியூயார்க் டைம்ஸ் இரண்டாம் தொகுதியை அதிகம் விற்பனையாகும் புனைகதைகளின் பட்டியலில் சேர்த்தது. இது புனைவன்று என ஸ்பீகல்மன் மடல் எழுதியதை அடுத்து, நூல் புனைவல்லாதவற்றின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1992 இல் இந்நூலுக்குச் சிறப்புப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. போலந்தியர்களைப் பன்றிகளாகக் காட்டியமைக்குப் போலந்தில் எதிர்ப்பு எழுந்தது. 2022 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம், தகாத சொற்களையும் ஆடையற்ற உருவத்தையும் காரணம் காட்டி, இதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.