கந்தனும் ஜாவரும்

மணப்பாறை மாட்டுச் சந்தையிலே ஒரு காட்சியைக் காணலாம். காளையின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார்கள். நடக்கவிட்டு நடையைப் பார்ப்பார்கள். திமிலைத் தட்டுவார்கள். இவ்வளவும் அறிவு. ஏர் இழுக்கப் போகிற உயிரை எடைபோட்டுத்தான் வாங்க வேண்டும். தரகர் துண்டைப் போர்த்த, துண்டுக்குள்ளே விரல்கள் விலை பேசும். பேச்சு முடிகிற நேரத்தில் பெரியவர் ஒருவர் குனிவார், சுழி பார்க்க! "இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது" என்பார். முடிந்தது வியாபாரம். பல் நன்று, நடை நன்று, திமில் நன்று. மயிர் வளைந்து கிடக்கும் இடம் மட்டும் நன்றன்று! வந்த வழியே திரும்புகிறது காளை. அது செய்த குற்றம் என்ன? பிறந்ததுதான்.

மாட்டுக்குச் சுழி பார்ப்பது மடமை என்று எவரும் எளிதில் சொல்லிவிடுவர். மனிதனுக்குச் சுழி பார்த்தார்களே! அதனைச் சட்டம் என்று பெயரிட்டு, அச்சடித்து, முத்திரை குத்தி, நாட்டையே ஆண்டார்களே! அந்தக் கொடுமையைத் தமிழ்நாட்டுத் திரையிலே ஒரு பிரெஞ்சுக் கதை வந்து காட்டிற்று. அது பாரிசிலிருந்து ஹாலிவுட்டுக்கும் போயிற்று, கோவைக்கும் வந்தது. போன இடத்திலும் வந்த இடத்திலும் அது என்ன ஆயிற்று என்பதே நாம் பார்க்க வேண்டியது.

விக்டர் ஹ்யூகோவின் அந்தப் பெருநாவல் 1862-ஆம் ஆண்டு வெளிவந்தது. பசித்த குழந்தைகளுக்காக ஒரு ரொட்டி திருடுகிறான் ஜீன் வால்ஜீன். அதற்கு ஐந்தாண்டு, தப்பியோட முயன்றதற்கு மேலும் மேலும், ஆகப் பத்தொன்பது ஆண்டு! வெளியே வந்தவன் கையிலே மஞ்சள் சீட்டு ஒன்று. போகும் ஊரிலெல்லாம் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் சத்திரம் கதவை மூடும், காட்டாவிட்டால் சிறை கதவைத் திறக்கும். ஒரு பாதிரியாரின் பரிவால் அவன் மனம் மாறுகிறது. வேறு பெயரில் வாழ்ந்து, தொழில் நடத்தி, நகரத் தலைவனாகவும் உயர்கிறான். ஆனாலும் விடாது துரத்துகிறான் போலீஸ் அதிகாரி ஜாவர். ஒருமுறை திருடியவன் என்றும் திருடன், இதுவே ஜாவரின் வேதம்.

அந்த ஜாவர் யார்? சிறைக்குள்ளே, குறி சொல்லிப் பிழைத்த ஒரு பெண்ணுக்குப் பிறந்தவன்! தந்தையும் தண்டனைக் கைதி. சுழி சரியில்லை என்று உலகம் ஒதுக்கிய தொழுவத்திலே பிறந்த அவனே, பிறருக்குச் சுழி பார்க்கக் கிளம்புகிறான். தன் பிறப்பின்மீது அவனுக்கு வெறுப்பு. அந்த வெறுப்பைத் தீர்த்துக்கொள்ளத் தன்னைப் போன்றவர்களையே வேட்டையாடுகிறான். சாதியால் தாழ்த்தப்பட்டவனே தனக்குக் கீழே ஒருவனைத் தேடி அலையும் நம் நாட்டுக் கோலத்தை அறிந்தவர்களுக்கு, ஹ்யூகோவின் இந்த நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் படமும் தமிழ்நாடும் கைகுலுக்கியது நம் திருச்சியிலேதான் என்பதை இளைஞர்களில் எத்தனை பேர் அறிவர்? 1905-ஆம் ஆண்டு. டூபாண் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியுடன் ஊர் ஊராகச் சுற்றி, திருச்சி வந்து நோயுற்றார். கருவியை விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினார். வாங்கியவர் பெருநிலக்கிழாரல்லர், ஜமீன்தாரல்லர். தென்னிந்திய இரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்துவந்த சாமிக்கண்ணு வின்சென்ட்! ஏறக்குறைய 2,000 ரூபாய் திரட்டிக் கொடுத்து, கருவியையும் 'இயேசுவின் வாழ்க்கை' உள்ளிட்ட சில சிறு படங்களையும் வாங்கினார். வேலையை விட்டார். கூடாரம் அடித்தார். தமிழ்நாட்டோடு நில்லாமல் வடநாட்டுக்கும் பர்மாவுக்கும் போய்ப் படம் காட்டினார். 1914-இல் கோவையிலே வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையை எழுப்பினார். மேல்வகுப்பாருக்கு மட்டும் என்றிருந்த கலைகள் பல உண்டு. வின்சென்டின் கூடாரத்திலோ, காசு கொடுத்தவன் எவனும் தரையில் உட்கார்ந்து திரையைப் பார்க்கலாம். அந்தத் தரை டிக்கெட்டுக்காரன்தான் பின்னாளில் தமிழ்த் திரைக்கு எசமானனானான்.

கோவைக்குக் கதை வந்து சேருமுன் ஹாலிவுட்டை எட்டிப் பார்த்துவிட வேண்டும். ஹ்யூகோவின் நாவலை மௌனப்பட நாளிலேயே பிரெஞ்சுக்காரர் படமாக்கினர். பேசும்படமாக 1934-இல் ரேமோன் பெர்னார் எடுத்தது, மூன்று பகுதிகளாக நாலரை மணி நேரத்துக்கு விரிந்த பெரும்படம். அடுத்த ஆண்டே, 1935-இல், ஹாலிவுட்டும் அதே கதையைப் படமாக்கி வெளியிட்டது. ரிச்சர்ட் போல்ஸ்லாவ்ஸ்கி இயக்கினார். பிரடரிக் மார்ச் வால்ஜீன், சார்லஸ் லாட்டன் ஜாவர். இது பிரெஞ்சுப் படத்தைப் பார்த்து எடுத்த மறுபதிப்பு என்று கூறுவது முறையன்று. இரண்டுக்கும் தாய் நாவலே. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்போருக்கு ஒன்று விளங்கும்: நாலரை மணி நேரம் இரண்டு மணிக்கும் குறைவாகச் சுருங்கியபோது, சுருங்கியது நேரம் மட்டுமல்ல!

நாவலிலே 1832-ஆம் ஆண்டின் பாரிஸ் கிளர்ச்சி வருகிறது. மாணவர்கள் தெருவிலே தடுப்பரண் அமைத்து, மன்னராட்சியை எதிர்த்து மாண்டுபோகிறார்கள். பிரெஞ்சுப் படம் அந்தத் தடுப்பரணைத் தயங்காமல் காட்டிற்று. ஹாலிவுட் என்ன செய்தது? அந்த மாணவர்களைச் சட்டச் சீர்திருத்தச் சங்கத்தார் ஆக்கிவிட்டது! கைதிகளின் நிலையைத் திருத்த வேண்டும் என்று கேட்கும் நல்ல பிள்ளைகள். புரட்சிக்காரர்கள் அல்லர் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தது. வேலையற்றோர் வரிசை அமெரிக்கத் தெருக்களிலே நீண்டு கிடந்த காலம் அது. அப்போது புரட்சிக்காரர்களைப் புரட்சிக்காரர்களாகத் திரையிலே காட்ட முதலாளிக்குத் துணிவு வருமா? லாட்டனின் நடிப்பு மட்டும் இன்றும் மங்கவில்லை. அசையாத முகம், துடிக்கும் உதடு. சட்டப் புத்தகம் எழுந்து நடந்தால் இப்படித்தான் நடக்கும்.

பிரெஞ்சுச் சரக்கை வாங்கி முனை மழுக்கி விற்பது ஹாலிவுட்டுக்கு வழக்கமாகவும் இருந்தது. மார்செல் கார்னே 1939-இல் எடுத்த ஒரு படத்தில், கொலை செய்துவிட்ட தொழிலாளி ஒருவன் தன் அறைக்குள் சிக்கி, போலீசு சூழ்ந்து நிற்க, விடியும்போது தன்னைச் சுட்டுக்கொண்டு மடிகிறான். அதே கதையை ஆர்.கே.ஓ. நிறுவனம் 1947-இல் திரும்ப எடுத்தபோது, நாயகன் சாகவில்லை, நம்பிக்கையோடு சரணடைகிறான். அதோடு விட்டதா? தன் படத்துக்குப் போட்டி கூடாதென்று மூலப் படத்தின் பிரதிகளைத் தேடிப் பிடித்து அழிக்கவும் முனைந்தது! மூலப்படம் தப்பியது. இன்று உலகம் போற்றுவது அதைத்தான்.

பெர்னாரின் படத்தில் வால்ஜீனாக நடித்த ஹாரி போர் அவ்வாறு தப்பவில்லை. ஜெர்மானிய நாஜிகள் பாரிசைப் பிடித்திருந்த 1942-இல், யூதர் என்ற பழி அவர்மீது சுமத்தப்பட்டது. கெஸ்டபோ சிறையிலே மாதக்கணக்கில் வதைபட்டார். வெளியே வந்தும் தேறாமல் 1943 ஏப்ரலில் மாண்டார். திரையிலே அவரைத் துரத்தியவன் ஒரு ஜாவர்தான். வாழ்விலே ஒரு படையே துரத்திற்று.

இப்போது கோவை. புதுச்சேரியிலே நெடுங்காலம் வாழ்ந்த கவியோகி சுத்தானந்த பாரதியார், ஹ்யூகோவின் நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கித் தந்திருந்தார். அவர் யோகி, ஆண்டவனிடம் அருள் தேடியவர். நாம் தேடுவது வேறு. ஆயினும், தமிழில் அந்த நாவலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா, சொல்லுங்கள்! பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் சீராமுலு நாயுடு அதனைப் படமாக்கினார், இயக்கியவர் கே. ராம்நாத். தமிழில் 1950-இல் வெளிவந்தது. தெலுங்கிலும் அதே ஆண்டு. வி. நாகையா கந்தனானார். ஆம், ஜீன் வால்ஜீன் நம் மண்ணுக்கு வந்ததும் கந்தன்! அவன் வயிற்றில் எரிந்த பசி தமிழனுக்குத் தெரிந்த பசிதானே. பெயர் மாறியதில் வியப்பென்ன?

ஜாவர் மட்டும் ஜாவராகவே நின்றான்! அந்த வேடம் பூண்ட சீதாராமன் சட்டம் படித்த பட்டதாரி. சட்டம் கற்றவரே சட்டத்தின் கொடுமுகத்தைக் காட்டினார். காட்டிய விதம் எத்தகையது என்றால், அதன்பின் அவர் பெயரே 'ஜாவர் சீதாராமன்' ஆகிவிட்டது. 'அந்த நாள்' (1954) படத்துக்கு உரையாடல் எழுதினார், தொடர்கதைகள் எழுதினார். 1967-இல் 'பட்டணத்தில் பூதம்' படத்திலே பூதமாகவும் வந்து சிரிக்க வைத்தார். பூதம் என்று யாரும் அழைக்கவில்லை. 1971-இல் மறையும்வரை ஜாவர்தான். கந்தனின் பெயர் நாகையாவோடு ஒட்டவில்லை. துரத்தப்பட்டவன் பெயரை மறந்து, துரத்தியவன் பெயரை ஏன் நினைவில் வைத்தார்கள் தமிழர்?

என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஜாவரைத் தமிழர் முதன்முதலாகக் கொட்டகையிலே சந்திக்கவில்லை. ஊரிலேயே சந்தித்திருந்தார்கள்.

ஹ்யூகோவின் நாவல் வெளியான அதே 1862-ஆம் ஆண்டு, சனவரி முதல் நாள், இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த நாட்டிலே நடப்புக்கு வந்தது. அதிலே 75-ஆம் பிரிவு: முன்பு தண்டனை பெற்றவன் மீண்டும் திருடினால் தண்டனை ஆயுள்வரை ஏறலாம். இதையாவது, செய்த குற்றத்துக்குத் தண்டனை என்று சமாதானம் கூறலாம். 1871-இல் வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். செய்த குற்றத்துக்கன்று, பிறந்த குற்றத்துக்கு! ஒரு சமூகத்தையே குற்றவாளிகள் என்று அரசு அறிவித்துவிடலாம்; அறிவிப்பை எதிர்த்து நீதிமன்றத்தின் படி ஏற முடியாது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிரமலைக் கள்ளர், குறவர் எனப் பல சமூகத்தார் அதன் வலையிலே வீழ்ந்தனர். பத்து விரல் ரேகையையும் பதிவு செய் என்றார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். இரவிலே காவல் நிலையத்தில் வந்து படு. வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்கு, போகும் ஊரிலே காட்டு.

வால்ஜீனின் மஞ்சள் சீட்டு நினைவுக்கு வருகிறதா? வால்ஜீனாவது ஒரு ரொட்டியை எடுத்திருந்தான்!

உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. மாண்டவர் பதினாறு பேருக்குக் குறையாது. அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. இதற்குத் தடுப்பரண் என்று பெயரில்லை, பாரிஸ் அல்ல, ஹ்யூகோவும் இல்லை. ஆகவே உலகம் அறியவில்லை. திருச்சியிலிருந்து மணப்பாறை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இரயில் ஓடத் தொடங்கியது 1875-இல். நாகரிகம் வந்தது என்று மகிழ்ந்தார்கள். அந்த நாகரிகம் போய்ச் சேர்ந்த மாவட்டத்திலேதான், சொந்த ஊரைவிட்டு நகரச் சீட்டுக் கேட்டு நின்றான் ஒரு மனிதன்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. இந்தியா முழுமைக்கும் நீக்கப்பட்டது 1952-இல். அதாவது, தமிழ்க் கொட்டகைகளில் ஜாவர் கந்தனைத் துரத்திய 1950-இல், வடக்கே அந்தச் சட்டம் உயிரோடிருந்தது. இங்கே செத்து மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. தரையிலே உட்கார்ந்து படம் பார்த்தவர்களில், விரலில் மை உலர்ந்தும் நெஞ்சில் மை உலராதவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஜாவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

கதையிலே எனக்கொரு மனத்தாங்கலும் உண்டு, மறைப்பானேன்? வெள்ளிப் பாத்திரத்தைத் திருடியவனைக் காட்டிக்கொடாமல் காத்த பாதிரியாரின் பண்பைப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கதவைத் தட்டாத கைதிகளின் கதி? ஊருக்கு ஒரு நல்லவரைத் தேடுவதா, ரொட்டிக்குப் பத்தொன்பதாண்டு போடும் சட்டத்தை மாற்றுவதா? ஹ்யூகோ இரண்டையும் கேட்டார். ஹாலிவுட் முதலாவதை உரக்கச் சொல்லி, இரண்டாவதை மெல்லச் சொல்லிற்று. தமிழ்த் திரை இரண்டாவதைக் கேட்டது, 1952-இல் 'பராசக்தி'யின் வழக்குமன்றக் காட்சியிலே. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றவன் கருணை கேட்கவில்லை. குற்றத்தை விளைவித்தவர் யார் என்று கேட்டான். கந்தன் தலை குனிந்து நடந்த திரையிலே, ஈராண்டு கழித்துக் குணசேகரன் தலை நிமிர்ந்து பேசினான்.

சட்டம் போயிற்று, சுழி போயிற்றா? குற்றப் பரம்பரையினர் என்ற பெயர் தமிழ்நாட்டிலே சீர்மரபினர் என்று மாறியது. ஆனால் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று ஒன்றை 1948-இலேயே சென்னை மாகாணம் இயற்றிவிட்டது. சிறைக் கையேடுகளிலே பழைய மை காயவில்லை. சமைப்பதற்கு ஒரு சாதி, கழிவறை கழுவ ஒரு சாதி. சீர்மரபினர் என்றாலே வழக்கமான குற்றவாளி. இவையெல்லாம் விடுதலை பெற்ற நாட்டின் சிறை விதிகளாக இருந்தன. பாளையங்கோட்டைச் சிறையிலே சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் வழக்கிலே எடுத்துக் காட்டப்பட்டது. 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. சிறைப் பதிவேட்டிலே கைதியின் பெயருக்கு அருகே சாதியை எழுதும் பத்தி ஒன்று இருந்ததே, அதனை நீக்குமாறும் ஆணையிட்டது. ஹ்யூகோவின் நாவல் வெளிவந்து அப்போது 162 ஆண்டுகள் ஆகியிருந்தன.