கணினிவழிக் கேமரா இயக்க மென்பொருள்

டிஜிட்டல் கேமராவை யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, அதன் துளையளவு, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ ஆகியவற்றை மாற்றவும், படமெடுக்கவும், எடுத்ததை உடனே திரையில் பார்க்கவும் உதவும் மென்பொருள். பெரும்பாலான கேமராக்கள் இதற்கு ஐஎஸ்ஓ 15740 தரத்திலுள்ள பிடிபி நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. கேனானின் ஈஓஎஸ் யுடிலிட்டி அந்நிறுவனக் கேமராக்களுக்கு உரியது. கேப்சர் ஒன் கட்டணம் உடையது. லினக்ஸில் இயங்கும் ஜிபோட்டோ2, என்டாங்கிள், விண்டோஸுக்கான டிஜிகேம்கண்ட்ரோல் ஆகியவை கட்டற்றவை.

விளம்பர ஸ்டுடியோக்களில் பரவலாக இருந்தாலும், தமிழகத்தில் இது மிகவும் தேவைப்படும் இடம் ஓலைச்சுவடிப் பதிவே. எழுத்தாணியால் கீறப்பட்ட எழுத்தில் தடவிய மை மங்கியபின், பக்கவாட்டு ஒளியில்தான் அந்த எழுத்து நன்கு துலங்கும். ஒளியின் கோணமும் குவியமும் சரியா என்பதைக் கேமராவின் சிறு திரையில் உறுதிசெய்வது கடினம். கையால் தொடாமல் படமெடுப்பதால் அதிர்வும் குறைகிறது. சுவடி எண், ஏட்டு எண் வரிசையில் கோப்புப் பெயர் தானே அமையும்படியும் வைக்கலாம்.

மெமரி கார்டில் எடுத்துப் பின்னர் சரிபார்க்கலாமே என்பர். அதற்குள் சுவடி கட்டப்பட்டுவிடும். பிழை கண்டு மீண்டும் பிரித்தால் நொறுங்கும் ஏடு மேலும் சிதையும். கேபிள் துண்டிக்கப்பட்டால் படம் போய்விடும் என்ற அச்சத்துக்கும் விடையுண்டு: கார்டிலும் கணினியிலும் ஒருசேரச் சேமிக்கும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. செலவும் தடையன்று. கோச்சடை போன்ற மதுரைப் பகுதிகளின் கல்யாண ஸ்டுடியோக்களில் புழங்கும் டிஎஸ்எல்ஆர்களில் பலவற்றைச் சாதாரண மடிக்கணினியிலேயே இப்படி இயக்கலாம். புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளும் அதே கவனத்துக்கு உரியவை. அவற்றைப் பதிவுசெய்வோர் இம்முறையையே கைக்கொள்ள வேண்டும்.