கொள்ளிடக் கழனியில் கோரை

சிதம்பரம் வட்டத்தின் ஈர நிலம் பெரும்பகுதியும் மனிதர் தேக்கிய நீரால் உருவானது. முதற் பராந்தக சோழன் காலத்தில் (907–955) வெட்டப்பட்ட வீராணம் ஏரியும், 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணையும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும் ஆண்டின் பல மாதங்கள் மண்ணை நனைத்து வைத்ததால், கரையோரங்களில் கோரை தழைக்க இடம் கிடைத்தது. புல்லைப் போலத் தோன்றினாலும் கோரை புல்லினத்தைச் சேர்ந்ததன்று. கணுவற்ற அதன் தண்டு பெரும்பாலும் முப்பட்டையாக இருக்கும். பஞ்சாய் என்னும் கோரையால் சிறுமியர் பாவை செய்து விளையாடியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன என்பதால், இச்செடியோடு தமிழர் கொண்ட உறவு பாய் முடைவதோடு நின்றுவிடவில்லை என்பது தெளிவு.

பாய்க்கோரையை அறிவியல் உலகம் அறிந்ததிலும் இக்கடற்கரைக்குப் பங்குண்டு. கொள்ளிடத்துக்குத் தெற்கே, டேனியர் ஆண்ட தரங்கம்பாடிப் பகுதியின் செடிகளை ஆராய்ந்த டேனிய அறிஞர் ராட்போல், 1773இல் வெளியிட்ட நூலில் இதனைச் சைபெரஸ் பங்கோரை எனப் பெயரிட்டு விவரித்தார்.

வளர்ப்பு முறை எளியது: மட்டத்தண்டை, அதாவது மண்ணுக்குள் கிடையாக ஓடும் தண்டை, துண்டுகளாக்கிச் சேற்றில் ஊன்றி ஈரம் காயாமல் காத்தால், அறுத்த பின்னும் அதே அடியிலிருந்து பல்லாண்டுகள் தழைக்கும். பத்தமடையிலும் முசிறிப் பக்கத்திலும் பாய்த் தொழிலுக்கு ஆதாரமான இப்பயிர், கடலூர் வட்டாரத் தோட்டங்களிலும் குளக்கரையிலோ கிணற்றடி நீர் வடியும் பள்ளத்திலோ இடம்பெறத் தகுதியுடையது. வேர்கள் கரைமண்ணை இறுகப் பிடிப்பதால் மழைக்கால அரிப்பும் குறையும்.