பறக்கும் படையும் பத்து நிமிடக் கேள்வியும்

விருத்தாசலத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடம் ‘காப்பி’ என்றால் பிட்டும் பறக்கும் படையும்தான் நினைவுக்கு வரும். சென்னையில் இன்டர்நேஷனல் பேக்கலரியேட், அதாவது ஐ.பி. பாடத்திட்டத்தில் படிக்கும் அதே வயதுக்காரருக்கோ, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் விட்ட ஒரு பத்தி நினைவுக்கு வரலாம். குற்றத்தின் எல்லையை இரு பக்கமும் வேறு வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

நம் தேர்வுத்துறை நேர்மையைத் தேர்வறைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. உள்ளே கண்டிப்புக்குக் குறைவில்லை. எழுதிய விடைகள் முழுவதையும் தானே கோடிட்டு அடித்தால்கூட ஒழுங்கீனம்தான். முடிவை நிறுத்திவைப்பார்கள், அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தேர்வெழுத முடியாது. யாருடைய விடையையும் தொடாத பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகம்.

அறையைத் தாண்டினால் கதை வேறு. மேல்நிலை வகுப்பில் பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 10 அகமதிப்பீடு. ஒப்படைவு, செயல்திட்டம், களப்பயணம் எல்லாம் சேர்த்து 2. இணையத்திலிருந்து இறக்கி, ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கொடுத்தாலும் அந்த இரண்டு வந்துவிடும். ஆசிரியருக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும். அதைத் தப்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஐ.பி. கண் வைப்பது இங்கேதான். பட்டயப் படிப்பு மாணவர் 4,000 சொற்கள் வரை ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். முடித்ததும் வழிகாட்டும் ஆசிரியர் சிறிது நேரம் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். 2023இல் சாட்ஜிபிடி பற்றிப் பேச்சு கிளம்பியபோதும் ஐ.பி. தடை போடவில்லை, பயன்படுத்தினால் மற்ற மூலங்களைப் போலவே குறிப்பிடு என்றது.

இதனால் ஐ.பி. பிள்ளைகள் யோக்கியர்கள், நம் பிள்ளைகள் திருடர்கள் என்று ஆகிவிடாது. கேட்கப்படும் கேள்விதான் வித்தியாசம். ‘பீங்கான் தொழில் பற்றிக் கட்டுரை எழுதுக’ என்றால் எந்தப் பிள்ளையும் இறக்கித்தான் எழுதும். அதே விருத்தாசலத்தில், பாரிஸ் சாந்து அச்சில் களிமண் கரைசலைக் கூடுதல் நேரம் விட்டால் பொம்மையின் சுவர் ஏன் தடிக்கிறது, சூளைக்குப் போன உருப்படிகளில் எது எங்கே வெடித்தது, பட்டறைக்காரர் என்ன காரணம் சொன்னார் என்று கேட்டால்? செராமிக் பட்டறைகள் இருக்கிற ஊரில் இது ஒரு மதியத்து வேலை. அச்சு ஈரத்தை உறிஞ்சுவதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அடுத்தவர் நோட்டு தேவைப்படாது.

அதன்பிறகும் ஒரு தடை இருக்கிறது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஐ.பி. போல எதிரே உட்கார வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேச 500 நிமிடம் வேண்டும். எட்டு மணி நேரத்துக்கும் மேல். வெறும் 2 மதிப்பெண்ணுக்காக அத்தனை பாடவேளையை எந்தத் தலைமையாசிரியர் ஒதுக்குவார்?