பால் பொங்கிய பிறகு: நாஞ்சில் நாட்டில் வீடும் குடியிருக்கும் உரிமையும்

தமிழகத்தின் பிற பகுதிகளில் கிரகப்பிரவேசம் என்றும் புதுமனை புகுவிழா என்றும் அழைப்பிதழ் அச்சிடப்படும் சடங்கை, குமரி மாவட்டத்துப் பேச்சுவழக்கில் 'பால்காய்ப்பு' என்றே சொல்கிறோம். முந்தின இரவில் தச்சு கழித்து, பணி செய்தவர்கள் வெளியேறுவார்கள். விடியுமுன் புது அடுப்பு மூட்டிப் பால் வைப்பார்கள். பால் பொங்கி வழிந்தால் மனை நிறைந்தது என்பது நம்பிக்கை. நம்முடைய பண்பாட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. பால் பொங்கிய பிறகு அந்த வீட்டில் யார் இருக்கலாம், எந்தக் கூரையின் கீழ் இருக்கலாம், எத்தனை காலம் இருக்கலாம் என்ற கேள்விகளை நாம் அதிகம் கேட்டதில்லை. நாஞ்சில் நாட்டு வரலாற்றில் இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் அவ்வளவு இனிமையானவை அல்ல.

தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய இரு வட்டங்களையே பழையவர்கள் நாஞ்சில் நாடு என்று வழங்கினர். இவற்றுக்கு மேற்கே கல்குளமும் விளவங்கோடும். இப்பகுதி முழுவதும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும்வரை மலையாள அரசியலின் கீழ் இருந்தது. ஆகவே இங்கே வீட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் திருவிதாங்கூரின் சாதியடுக்கையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். மலபாரைப் பற்றி 1887இல் எழுதிய வில்லியம் லோகன், வீட்டின் பெயரே அதில் வசிப்பவரின் சாதியைப் பொறுத்து மாறியதைப் பட்டியலிட்டுக் காட்டுகிறார். நம்பூதிரியின் வீடு இல்லம், அரசனுடையது கோவிலகம் அல்லது கொட்டாரம், நாயருடையது வீடு, கைவினைஞரும் கள்ளிறக்குவோரும் வாழ்வது புரை அல்லது குடி, வயலடிமையின் இருப்பிடம் சாளை. திருவிதாங்கூரில் நிலைமை இதனினும் வேறாக இல்லை. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மடீர் 1871இல் வெளியிட்ட நூலில், புலையர் மேல்சாதியார் முன் பேசும்போது தம் குடியிருப்பை 'மாடம்' என்றும், உண்ணும் சோற்றைக் கருங்காடி என்றும் சொல்ல வேண்டியிருந்ததைப் பதிவு செய்கிறார். தம் பிள்ளைகளைக்கூடக் குரங்கு, கன்று என்றே குறிப்பிட வேண்டியிருந்தது. இலக்கிய வாசகர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். சங்க இலக்கியத்தில் மாடம் என்பது நிலைகள் உயர்ந்த செல்வர் மனை. அதே ஒலியுடைய சொல் மேற்கு மலையடிவாரத்தில் ஓலைக்குடிசையைக் குறித்தது. அச்சொல்லை வாழ்பவனே தன் வாயால் சொல்லித் தன் தாழ்வை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வழக்கம்.

சொல்லுக்கு அடுத்தது கூரை. கல்குளத்தில், இன்று பத்மநாபபுரம் எனப்படும் கோட்டைக்குள், திருவிதாங்கூர் மன்னர்களின் அரண்மனை இருக்கிறது. அதன் மிகப் பழைய பகுதி தாய்க்கொட்டாரம். மார்த்தாண்ட வர்மா எழுப்பிய உப்பரிகை மாளிகையோ நான்கு நிலைகள் கொண்டது. 1750இல் நாட்டையே ஸ்ரீபத்மநாபருக்கு எழுதிவைத்து அவருடைய தாசனாக ஆட்சி செய்தவர் அவர். மாளிகையின் உச்சிநிலையும் தெய்வத்துக்கே ஒதுக்கப்பட்டது. உயரம் என்பது இங்கே கட்டடக்கலையின் அளவு மட்டுமன்று, தகுதியின் அளவும்கூட என்பதற்கு அந்த மாளிகையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கோட்டைக்கு வெளியே, பனையேறி வாழ்ந்த நாடார்களுக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் ஆய்வு நூலில் தொகுத்திருக்கிறார். குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பொன்னகை கூடாது, பெண்கள் மார்பை மறைக்கலாகாது, குடத்தை இடுப்பில் சுமக்கலாகாது. இவற்றோடு, வீடு ஒரு நிலைக்கு மேல் உயரலாகாது என்பதும் ஒரு தடை. தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். உடலை மறைக்கும் உரிமையை மறுத்த அதே கை வீட்டின் உயரத்தையும் அளந்தது என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை.

1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில், எல்லோரும் தம் வீடுகளுக்கு ஓடு வேய்ந்துகொள்ளலாம் என்று அனுமதி அளிக்கப்பட்டது. ஓடு வேய்வதற்கு ஓர் அரசாணை தேவைப்பட்டது என்பதே அதற்கு முன்பிருந்த நிலையைச் சொல்லிவிடும். ஆனால் ஆணை வேறு, ஊர் வேறு. 1858-59இல் நாகர்கோவிலைச் சுற்றிய ஊர்களில் தோள்சீலைக் கலவரம் மூண்டபோது தேவாலயங்களும் வீடுகளும் எரிந்தன. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல் ஒழிக்கப்பட்டது. மேலாடை பற்றிய பிரகடனம் 1859 ஜூலையில் வந்தது. மங்களூரில் பாசல் மிஷன் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியபின், இயந்திர ஓடு மேற்குக் கரையெங்கும் பரவியது. பிற்காலத்தில் தோட்ட வேலைக்கும் வணிகத்துக்கும் ஆசிரியப் பணிக்கும் போய்ப் பொருள் சேர்த்த குடும்பங்கள் தம் ஊரில் முதலில் செய்த காரியம் ஓட்டு வீடு கட்டியதுதான். அதை வெறும் ஆடம்பரமாகப் பார்ப்பவர்கள் அந்த ஓடுகளின் பொருளை அறியாதவர்கள்.

இனி, தடை ஏதுமற்ற மேல்தட்டில் வீடு எப்படி இருந்தது என்று பார்ப்போம். நாஞ்சில் நாட்டு வேளாளர் நன்செய் உடையவர்கள். படிப்புரையும் பட்டாசலும் அறைப்புரையும் நெல் நிறைந்த பத்தாயமும் கொண்ட வீடுகள் அவர்களுடையவை. ஆனால் அவர்களிடையே வழங்கிய சொத்துரிமை மருமக்கள்வழி. ஒருவன் இறந்தால் சொத்து அவன் மக்களுக்குச் செல்லாது. உடன்பிறந்தாளின் மக்களுக்குச் செல்லும். நாயர் குடும்பங்களிலும் இதே முறை இருந்தது. எனினும் அங்கே பெண் தன் தாய்வீடான தறவாட்டிலேயே வாழ்ந்தாள், கணவன்தான் வந்துபோனான். வேளாளப் பெண்ணோ தமிழ் வழக்கப்படி கணவன் வீட்டுக்கு வந்து குடித்தனம் நடத்தினாள். குடியிருப்பது தந்தைவழியில், சொத்துப் போவது தாய்வழியில். இந்த இரண்டும் மோதிய இடம்தான் வீடு. தன் கையால் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீட்டில், கணவன் கண்மூடிய மறுநாளே அவள் அயலாள். பிள்ளைகளுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு சிறு பங்கு உண்டு. அதைப் பெறுவதற்கும் வழக்காட வேண்டியிருந்தது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்த அவலத்தைத்தான் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' என்ற அங்கத நூலாக்கினார். 'தமிழன்' இதழில் 1917-18இல் தொடராக வந்த படைப்பு அது. காரணவர் ஒருவருக்கு ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாய்மொழியாக அவர் அதை அமைத்ததில் ஓர் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது. அடுக்களையிலேயே ஆயுளைக் கழித்தும் அந்த அடுக்களைக்கு உரிமையற்றவள் பேசும்போது, சட்ட விவாதமெல்லாம் தாமே அடங்கிவிடுகின்றன. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்குகிறோம். முடிக்கும்போது சிரிப்பு இருப்பதில்லை. சமூகத்துக்குள்ளிருந்தே எழுந்த சீர்திருத்தக் குரல்களின் விளைவாக, 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறியது. மனைவிக்கும் மக்களுக்கும் குடும்பத்தலைவன் ஈட்டிய சொத்தில் உரிமை பிறந்தது. தமிழில் ஓர் இலக்கிய ஆக்கம் ஒரு சொத்துச் சட்டத்துக்கு இவ்வளவு அருகில் நின்ற தருணங்கள் குறைவு.

இவ்வரலாற்றின் அண்மைக்காலத் தொடர்ச்சியைக் கடற்கரையில் காணலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய ஊர்களைச் சூறையாடியது. கடலைவிட்டுத் தள்ளிப் புதிய காங்கிரீட் வீடுகள் எழுந்தன. ஒரே அச்சில் வார்த்த அந்த வீடுகள் வலையும் மீனும் சார்ந்த வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை என்ற குறை உண்டு. அது நியாயமான குறைதான். ஆயினும் 2005இல் தமிழக அரசு வகுத்த மறுவாழ்வு விதிகளில், வீட்டின் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்ற ஒரு வரி இடம்பெற்றது. மான்மியத்தில் பேசும் பெண்ணுக்கு அந்த ஒரு வரி கிடைத்திருந்தால் அவள் நூறு பக்கம் புலம்பியிருக்க வேண்டியதில்லை.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது பழமொழி. கட்டுவதன் அருமையை அது சொல்கிறது. இருப்பதன் அருமையைச் சொல்லவில்லை. செங்கல்லும் மரமும் பணத்தால் வந்துவிடும். ஓட்டுக்கும் உயரத்துக்கும் பட்டாவில் ஒரு பெயருக்கும் நம் முன்னோர் கொடுத்த விலை வேறு. இன்று பால்காய்ப்பு வீடுகளில் பந்தியில் அமர்ந்து உண்டு வாழ்த்திவிட்டு வருகிறோம். அப்போது அந்த விலையையும் ஒருமுறை எண்ணிக்கொள்வது நமக்குத் தகும்.